டிஸ்க் அறுவை சிகிச்சைக்குப் பின் நாய்: வீட்டில் முதல் ஆறு வாரம்

முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பது டிஸ்க். அதன் உட்கூழ் நாளடைவில் இறுகி, ஒருநாள் வெளி வளையத்தைக் கிழித்துக்கொண்டு தண்டுவடத்தின் மேல் போய் அழுத்துகிறது. டாக்ஸ்ஹண்ட், பெக்கிங்கீஸ், பீகிள், பிரெஞ்சு புல்டாக் போன்ற குட்டைக்கால் அல்லது குறுகிய உடல்வாகு இனங்களில் இது அதிகம். அறுவையில் மருத்துவர் எலும்பில் ஒரு சிறு சன்னல் திறந்து அந்தக் கூழை எடுத்துவிடுகிறார். அழுத்தம் போய்விடுகிறது. ஆனால் அடிபட்ட தண்டுவடத்தின் வீக்கம் அப்படியே இருக்கிறது. கிழிந்த வளையம் தழும்பாக மூட நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அந்த நாட்களில் நாய் ஒருமுறை சோபாவில் தாவினாலும், மிச்சமிருக்கும் கூழ் அதே ஓட்டை வழியே வெளியே வரலாம். ஓய்வு ஓய்வு என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கூண்டும் படுக்கையும்

தலை இடிக்காமல் நிற்கவும், ஒரு சுற்றுத் திரும்பவும், காலை நீட்டிப் பக்கவாட்டில் படுக்கவும் நாய் ஓய்வெடுக்கும் கூண்டில் இடம் இருந்தால் போதும். அதற்குமேல் பெரிதாக இருந்தால் நாய் அதற்குள்ளேயே துள்ளத் தொடங்கும். வீட்டார் புழங்கும் அறையில் வையுங்கள். ஆளரவமற்ற மூலையில் தனித்துவிடப்பட்ட நாய் குரைத்துக் கதவைப் பிறாண்டும். முதுகுக்கு அது நடையைவிட மோசம். அப்படியும் அடங்காவிட்டால் அமைதிப்படுத்தும் மருந்தை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். இந்த நாட்களில் அது தேவையான சிகிச்சைதான்.

படுக்கைக்கு அழுத்தமான நுரைப்பலகை, அதன்மேல் நீர் புகாத உறை, அதற்கும் மேலே உறிஞ்சும் விரிப்பு. பஞ்சுபோல் அமுங்கும் மெத்தை வேண்டாம். பின்கால் பலமில்லாத நாய் அதில் புரள முடியாமல் புதைந்துவிடும். தானே திரும்பிப் படுக்க முடியாத நாயை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபக்கம் திருப்பிவிடுங்கள், இரவிலும்கூட. இடுப்பெலும்பு முனை, முழங்கை, பின்கணு ஆகிய இடங்களில் தோல் சிவக்கிறதா என்று தினமும் பாருங்கள். சிவப்பு தெரிந்த அன்றே அந்த இடத்தில் அழுத்தம் படாமல் செய்தால் படுக்கைப் புண் வராது.

சிறுநீர்ப்பை: வீட்டுப் பராமரிப்பின் பெரும்பகுதி

பின்கால் செயலிழந்த நாய்க்குச் சிறுநீர்ப்பையும் சேர்ந்தே செயலிழந்திருக்கும். இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். விரிப்பு நனைந்திருப்பதைப் பார்த்து, ‘தானாகவே போய்விட்டது’ என்று நினைத்துவிடுகிறார்கள். நிரம்பிய குடம் ததும்பிச் சிந்துவதைப்போல, பை முட்டமுட்ட நிறைந்தபின் மிகுதி வழிகிறது. உள்ளே தேங்கியது தேங்கியபடியே கிடக்கிறது. தேங்கிய சிறுநீரில் கிருமி வளரும். பல நாட்கள் விரிந்தே கிடந்த பையின் தசை பிறகு சுருங்கும் திறனையும் இழக்கலாம். முதுகு தேறி, நாய் நடந்த பிறகும் அந்தக் குறை நின்றுவிடக்கூடும்.

அதனால் 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது ஒரு நாளில் குறைந்தது மூன்று தடவை, கையால் அழுத்திப் பையைக் காலி செய்ய வேண்டும். மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் அங்கேயே உங்கள் கையால் ஒருமுறை செய்துகாட்டுங்கள். செய்து பழகாமல் நாயை வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள்.

நாயை நிற்கவைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள், அல்லது பக்கவாட்டில் படுக்கவையுங்கள். பின்தொடைகளுக்குச் சற்று முன்னால், வயிற்றின் இருபுறமும் உள்ளங்கைகளைத் தட்டையாக வைத்து மெதுவாக ஒன்றை நோக்கி ஒன்றைக் கொண்டுவாருங்கள். நடுவில் நீர் நிரப்பிய பலூன்போல் ஒன்று நழுவும். அதுதான் பை. விரல் நுனியால் குத்தாமல் கை முழுவதாலும் சீராக அழுத்தி, அழுத்தத்தைச் சற்றே வால் பக்கமாகச் செலுத்துங்கள். முதல் சில நொடிகள் ஒன்றும் வராது. பையின் வாய்ப்பகுதித் தசை தளர அவ்வளவு நேரம் ஆகும். தாரை விழத் தொடங்கியதும் அழுத்தத்தைக் கூட்டாமல் அப்படியே பிடியுங்கள். நின்றதும் கையைத் தளர்த்தி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி செய்யுங்கள். பை சுருங்கிக் கைக்குத் தட்டுப்படாமல் போனால் முடிந்தது.

பை கல்போல் இறுகியிருந்தும் சொட்டுகூட வராவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள், கிழிந்துவிடும். மார்பு, இடுப்புச் சந்திப்பில் தண்டுவடம் அடிபட்ட நாய்களுக்கு வாய்த்தசை இறுகிக்கொள்வது வழக்கம். அதைத் தளர்த்த பிராசோசின், டயஸெபாம் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார். அவை வேலை செய்யும் நேரம் பார்த்து அழுத்த வேண்டும். அதுவும் பலிக்காதபோது சில நாட்களுக்குக் குழாய் வைப்பார்கள்.

வெளிவந்த அளவை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். ஆரோக்கியமான நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 1 முதல் 2 மி.லி. சிறுநீர் ஊறும். 10 கிலோ நாயிடம் 8 மணி நேரத்தில் 80 முதல் 160 மி.லி. எதிர்பார்க்கலாம். 20 மி.லி. மட்டுமே வந்தால் பை காலியாகவில்லை என்றே கொள்ளுங்கள். சிறுநீரில் கெட்ட வாடை, கலங்கல், ரத்தம் தெரிந்தால் அன்றே பரிசோதனைக்குக் கொடுங்கள். கால் உணர்வு குறைந்த நாய்க்கு எரிச்சல் தெரியாது, அதனால் அது முனகாது. நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

நனைந்த தோலை வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். துத்தநாகம் கலந்த குழந்தைக் களிம்பைப் பூசாதீர்கள், நக்கினால் நஞ்சு. மலம் முதல் 3–4 நாட்கள் வராமலிருப்பது வலி மருந்தின் விளைவாக இருக்கலாம். அதற்குமேல் தள்ளிப்போனால் சொல்லுங்கள்.

தூக்குவதும் நடத்துவதும்

ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை புட்டத்துக்கு அடியில். முதுகு தரைக்கு இணையாக, ஒரு பலகையைத் தூக்குவதுபோல் தூக்குங்கள். முன்கை இடுக்கில் பிடித்துக் குழந்தையைப்போல் தூக்கினால் உடலின் பாரம் முழுவதும் தைத்த இடத்தில் இழுக்கும். வாரைக் கழுத்தில் மாட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டுங்கள். கழுத்தில் அறுவை நடந்திருந்தால் இதில் விலக்கே கிடையாது. அத்தகைய நாய்க்குத் தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் மார்பு உயரத்துக்கு உயர்த்தி வையுங்கள்.

வெளியே கூட்டிப்போகும்போது அகலமான துண்டு ஒன்றைப் பின்வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரு முனைகளையும் மேலே பிடித்துக்கொள்ளுங்கள். பாதம் தரையில் படும் அளவுக்கு மட்டும் தாங்கினால் போதும். காலை அந்தரத்தில் தொங்கவிட்டால் தரை உணர்வு மூளைக்கு எட்டாது. மறுபடி நடக்கக் கற்பதற்கு அந்த உணர்வுதான் முதல் பாடம். ஆண் நாய்க்குத் துண்டு குறியை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழுக்கும் தரையில் நாய் போகும் பாதை முழுக்க ரப்பர் விரிப்போ யோகா பாயோ போடுங்கள்.

காயமும் மருந்தும்

தையல் அல்லது கிளிப்பை 10 முதல் 14 நாட்களில் எடுப்பார்கள். அதுவரை கழுத்துக் கூம்பு கழற்றப்படக் கூடாது, குளியலும் கூடாது. முதல் 2–3 நாட்கள் துணியில் சுற்றிய குளிர்ப்பொதியைப் 10 நிமிடம், நாளுக்கு மூன்று முறை காயத்தின்மேல் வையுங்கள். தழும்புக்கு அடியில் மெத்தென்ற நீர்க்கட்டு திரண்டால் பெரும்பாலும் நாய் அளவுக்கு மீறி அசைந்திருக்கிறது என்று பொருள். நீங்களே குத்தி வடிக்கக் கூடாது. சூடு, சீழ், பரவும் சிவப்பு இருந்தால் தொற்று.

வலி மருந்தைக் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள், முகம் பார்த்து அல்ல. ஸ்டீராய்டையும் மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற அழற்சி மருந்தையும் ஒன்றாகக் கொடுத்தால் குடலில் புண் வந்து ரத்தம் கசியும். தார்போல் கறுத்த மலம் அதன் அறிகுறி. மனிதர்களுக்கான வலி மருந்தான இபுபுரூஃபெனைத் தொடவே வேண்டாம். நரம்பு வலிக்கான காபாபென்டினின் மனிதர்களுக்கான சில திரவங்களில் சைலிட்டால் இனிப்பு இருக்கும். நாய்க்கு அது ஆபத்து. குப்பியின் சீட்டைப் படித்துவிட்டே கொடுங்கள்.

கால் பயிற்சி

மருத்துவர் சரி என்ற பிறகு தொடங்குங்கள். நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கால்விரல், கணு, முழங்கால், இடுப்பு என ஒவ்வொரு மூட்டையும் வலிக்காத எல்லைவரை மடக்கி நீட்டுங்கள். தலா 10–15 தடவை, நாளுக்கு 2–3 வேளை. மூட்டு இறுகாமல் இருப்பதற்காகத்தான் இது. இதனால் பலம் கூடாது. பலத்துக்கு நிற்கவைக்க வேண்டும்: நான்கு பாதமும் சரியாக ஊன்றியபடி 10 நொடி தாங்கி நிறுத்தி, நாளாக நாளாகச் சில நிமிடம்வரை கூட்டுங்கள். பாதம் மடங்கி அதன் மேல்பக்கம் தரையில் உரசினால் ஒவ்வொரு முறையும் கையால் திருப்பி வையுங்கள். தண்ணீருக்குள் நடக்கும் பயிற்சி மிக நல்லது. காயம் முழுதாக மூடிய பிறகுதான்.

விரலைக் கிள்ளியதும் கால் பின்னுக்கு இழுத்துக்கொண்டால் உணர்வு வந்துவிட்டது என்று மகிழாதீர்கள். மூளை அறியாமலேயே தண்டுவடம் காலை இழுக்கும். நாய் தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா என்பதே கணக்கு. அந்தச் சோதனையை மருத்துவரிடம் விடுங்கள். தேறி வரும் நாயிடம் பொதுவாக ஆழ்ந்த வலி உணர்வு முதலில் திரும்பும், பிறகு வாலாட்டலும் கால் அசைவும், அதன்பின் தள்ளாடிய நடை. பாதத்தைச் சரியாக வைக்கும் உணர்வு எல்லாவற்றுக்கும் கடைசி. அறுவைக்கு முன் ஆழ்ந்த வலி உணர்வு இருந்த நாய்களில் மிகப் பெரும்பாலானவை நடந்துவிடும். அது அறவே போயிருந்தால் ஏறத்தாழப் பாதிதான் நடக்கும், அதற்கும் பல மாதங்கள் ஆகலாம்.

உடனே கொண்டுபோக வேண்டிய நிலை

நடந்த நாய் நடை தளர்ந்தால், முதுகைத் தொட்டால் கத்தினால், 12 மணி நேரம் சிறுநீர் வராவிட்டால் காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு வாரத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: பின்கால்கள் துணிபோல் தொளதொளத்து, வயிற்றுத் தசை தளர்ந்து, முன்கால்களும் பலமிழந்து, மூச்சு சிரமப்பட்டால் தண்டுவடம் உருகி மேலே பரவுகிறது என்று பொருள். உணர்வு முற்றிலும் போன நாய்களில் ஒரு சிறு பகுதிக்கு இது வருகிறது. அதற்கு மருந்தில்லை, மூச்சுத் திணறலில் நாயை விடாமலிருக்க மருத்துவர் அருகில் இருக்க வேண்டும்.

மூன்றாம் வாரத்துக்குப் பின்

நாய்க்கு வலி போய்விடும், வளையம் இன்னும் ஆறியிருக்காது. தவறுகள் அதிகம் நடப்பது இந்த நாட்களில்தான். முதல் இரண்டு வாரம் வெளிக்கிருத்தலுக்கு மட்டும் 5 நிமிடம். மூன்று, நான்காம் வாரங்களில் வாரோடு மெதுநடை 5 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. ஐந்து, ஆறில் 10 நிமிடம். மறுபரிசோதனைக்குப் பின் வாரத்துக்கு 5 நிமிடமாகக் கூட்டலாம். வாரில்லாமல் விடுவதைப் பன்னிரண்டாம் வாரம்வரை தள்ளிப்போடுங்கள். உணவைக் குறைத்து வாரம் ஒருமுறை எடை பாருங்கள். விலா எலும்பு கைக்கு எளிதாகத் தட்டுப்பட வேண்டும். வேறொரு டிஸ்க் பின்னாளில் நழுவுவதும் உண்டு என்பதால் படிக்கட்டுக்குத் தடுப்பும் சோபாவுக்குச் சாய்தளமும் அதன் ஆயுள் முழுக்க இருக்கட்டும்.