பாடல் வீடியோவைப் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊடகப் பாடத்துக்காக மாணவர்கள் எடுத்த பாடல் வீடியோக்களை முதன்முதலாகப் போட்டுக் காட்டும்போது அடிக்கடி போய் உட்காருகிறேன். இன்று அவர்களுக்கு இருக்கும் கேமரா அறிவு எங்கள் தலைமுறைக்கு அந்த வயதில் இல்லை. ஆனால் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்பதில் மட்டும் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். நண்பர்களிடம் மட்டும் காட்டாதே, குறை சொன்னால் கோபப்படாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

## படம் ஓடுவதற்கு முன் கதை சொல்வது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. விளக்கை அணைத்தாகிவிட்டது, பாட்டு தொடங்கப் போகிறது. அப்போது இயக்கிய மாணவர் எழுந்து நின்று, "இது என்னன்னா, அப்பாவை இழந்த ஒரு பையன், அவரோட பழைய டேப் ரெக்கார்டரை எடுத்துட்டு..." என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான், அந்த அறையில் இருந்த அத்தனை பார்வையாளர்களும் வீண். இனி அவர்கள் வீடியோவைப் பார்க்கப் போவதில்லை. காதில் விழுந்த கதையைத்தான் திரையில் தேடப் போகிறார்கள்.

அந்த டேப் ரெக்கார்டர் வீடியோவில் இரண்டாவது சரணத்தில் நிறம் வெளிறிப்போகும், ஒரு சின்னப் பையன் வருவான். அது ஃப்ளாஷ்பேக், அந்தச் சிறுவன்தான் நாயகன் என்பது குழுவின் எண்ணம். பார்த்த எல்லோரும் "நன்றாகப் புரிந்தது" என்று எழுதிக் கொடுத்தார்கள். புரியாமல் எப்படி இருக்கும், முன்கூட்டியே சொல்லியாயிற்றே! வெளியான பிறகு, கதை கேட்காதவர்கள் பார்த்தார்கள். சிறுவனை நாயகனின் மகன் என்றார்கள் சிலர், தம்பி என்றார்கள் சிலர். வெளிறிய நிறத்தைக் கலர் கரெக்‌ஷனில் நேர்ந்த கோளாறு என்று நினைத்தவர்களும் உண்டு. அப்பா இறந்துபோன விஷயம் யாருக்கும் எட்டவேயில்லை.

இதைச் சரிசெய்ய ஒரு ஷாட் போதும். சிறுவனின் கையில் அதே டேப் ரெக்கார்டர், அதில் அதே உடைந்த பொத்தான். அங்கிருந்து கட் செய்தால் அதே பொத்தானை அழுத்தும் பெரியவனின் விரல். மூன்று விநாடி. ஆனால் அதற்குள் நாயகனாக நடித்தவர் முடி வெட்டியிருந்தார், சிறுவனின் குடும்பம் வேறு ஊருக்குப் போயிருந்தது, இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டரையும் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். ரஃப் கட் நிலையிலேயே, அதாவது காட்சிகளைத் தோராயமாகக் கோத்த முதல் வடிவத்திலேயே தெரிந்திருந்தால் அரை நாள் வேலை.

படைப்பவர் பொதிந்து வைக்கும் பொருளும் பார்ப்பவர் எடுத்துக்கொள்ளும் பொருளும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதைப் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-இலேயே எழுதிவிட்டார். நாம் நினைத்தபடியே எடுத்துக்கொள்பவர் உண்டு, பாதியை ஏற்றுப் பாதியைத் தன் போக்கில் மாற்றிக்கொள்பவர் உண்டு, நேரெதிராகப் படிப்பவரும் உண்டு. ஊடகப் பாடத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியவர்கள்தான் எழுந்து நின்று கதை சொல்கிறார்கள். அந்த இடைவெளி எவ்வளவு என்று அளப்பதற்காகத்தானே ஆட்களைக் கூப்பிட்டோம்?

பக்கத்தில் உட்கார்ந்து "இந்த இடத்தை நல்லா கவனிங்க" என்று இடிப்பதும் இதே தவறுதான். கதையைச் சொல்லிவிடும் அழைப்பிதழும் அப்படியே.

முதல் பார்வை தீக்குச்சி மாதிரி, ஒரு முறைதான் பற்றும். அதனால் தெரிந்தவர்கள் அத்தனை பேரையும் முதல் ரஃப் கட்டுக்கே கூப்பிட்டுவிடாதீர்கள். சிலரை அதற்கு, வேறு சிலரைத் திருத்திய வடிவத்துக்கு, மிச்சம் இருப்பவர்களைக் கடைசி வடிவத்துக்கு என்று பிரித்து வையுங்கள். வாயைத் திறக்காமல் போட்டுக் காட்டுங்கள். முடிந்ததும், "என்ன நடந்துச்சுன்னு உங்க வார்த்தையில எழுதுங்க" என்பதுதான் முதல் கேள்வி. ஒருவர் வாய் திறப்பதற்குள் எல்லோரும் எழுதி முடித்துவிட வேண்டும். முதலில் பேசுபவரின் அபிப்பிராயம் மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும். தாள்கள் கைக்கு வந்த அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கதை சொல்லுங்கள்.

## "நல்லா இருந்துச்சா?" என்று கேட்பது

நல்லா இருந்தது என்றுதான் பதில் வரும்.

## அவர்கள் சொல்லும் தீர்வை அப்படியே செய்வது

"பாட்டு ரொம்ப நீளம், ஒரு சரணத்தைத் தூக்கிடுங்க" என்று ஒருவர் சொன்னால், அலுப்புத் தட்டியது என்பது உண்மை. சரணத்தைத் தூக்குவதுதான் வழியா என்பது வேறு விஷயம். எந்த இடத்தில் அலுத்தது என்று கேட்டு, எடிட்டிங் மென்பொருளில் ஷாட்களை வரிசையாகக் காட்டும் டைம்லைனைத் திறந்து பாருங்கள். முதல் சரணத்தில் வந்த அதே மொட்டைமாடி நடை, அதே கோணத்தில் இரண்டாவது சரணத்திலும் வந்திருக்கும். ஷாட்டை மாற்றினால் நீளம் என்ற பேச்சே எழாது. பார்ப்பவர் சொல்லும் சிக்கலை நம்புங்கள். பரிகாரம் கண்டுபிடிப்பது எடிட்டரின் வேலை.

## எதில் பார்த்தார்கள் என்று கேட்காமல் விடுவது

"லிப் சிங்க் ஒட்டவில்லை", அதாவது உதட்டசைவும் குரலும் பொருந்தவில்லை என்று கருத்து வந்ததும் ஒரு குழு ஒலியை முன்னுக்கு நகர்த்திவிட்டது. போட்டுக் காட்டியது ப்ளூடூத் ஸ்பீக்கரில். அதில் ஒலி 100 முதல் 200 மில்லிவிநாடி வரைகூடத் தாமதமாக வரலாம். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிவிநாடி. ஆக ஐந்து ஃபிரேம் வரை பிசகும். திருத்தியதை வயர் ஹெட்ஃபோனில் கேட்டபோது உதடு அசைவதற்கு முன்பே குரல் வந்தது. அது இன்னும் மோசம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒலி பிந்தினால் சுமார் 125 மில்லிவிநாடியில்தான் மனிதருக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. முந்தினால் 45-லேயே தெரிந்துவிடுகிறது. இருட்டுக் காட்சி தெரியவில்லை என்பவரிடமும் மொபைலின் வெளிச்ச அளவை முதலில் கேளுங்கள்.

## வரைபடத்தை மட்டும் நம்புவது

வீடியோவின் எந்த இடத்தை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று காட்டுவது யூடியூப் தரும் பார்வையாளர் தக்கவைப்பு வரைபடம். அதில் ஒரு இடம் மேலே எழும்பினால், பெரும்பாலும் அங்கே திரும்பப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். பிடித்துப்போய்ப் பார்த்தார்களா, புரியாமல் பார்த்தார்களா என்பது வரைபடத்துக்குத் தெரியாது. ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

## ஓட்டு எண்ணுவது

"அந்தப் பையன் யார்?" என்று ஒரே ஒருவர் எழுதியிருந்தாலும், ஒருவர்தானே என்று ஒதுக்காமல் உட்கார்ந்து யோசியுங்கள்.

## "கருத்துகளால் பெரிதும் பயனடைந்தோம்" என்று அறிக்கை எழுதுவது

மதிப்பெண் தருபவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. எந்த விநாடியில் வரும் எந்த ஷாட்டைப் பற்றி என்ன சொன்னார்கள், முன்பு அது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டு ஃபிரேம்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஏற்காமல் விட்ட கருத்துகளையும் காரணத்தோடு எழுதுங்கள். இதற்கெல்லாம் ரஃப் கட்டின் பிரதியும் கையால் எழுதி வாங்கிய தாள்களும் வேண்டும். திருத்தம் முடிந்ததும் பழைய கோப்பை அழித்துவிடாதீர்கள்.