துணி வணிகர் ஏட்டில் கிடைத்த புத்தகக்காரர்

எலிசபெத் காலத்து லண்டன் புத்தக வியாபாரி ஒருவரைத் தேடி மூன்று வாரம் அலைந்தேன். செயின்ட் பால் தேவாலய வளாகத்தில் கடை வைத்திருந்தவர். புத்தகங்களின் முகப்புப் பக்கத்தில் பெயர் தெளிவாக இருக்கிறது. ஆனால் 1557இல் அரச சாசனம் பெற்ற, அச்சுக்காரர்கள், புத்தகக்காரர்களின் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனி ஏடுகளில், அவர் தொழில் பழகச் சேர்ந்த பதிவே இல்லை.

பெயரை எழுத்து மாற்றி மாற்றித் தேடினேன். அப்பாவின் உரிமையில் உறுப்பினரானவர்களுக்குப் பழகுநர் பதிவு இருக்காது. அந்த வழியிலும் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அப்புறம்தான் லண்டன் வழக்கம் நினைவுக்கு வந்தது. இப்படிப்பட்ட தொழில் சங்கம், அதாவது கில்டு ஒன்றில் உறுப்பினர் உரிமை பெற்றவர் வேறு தொழிலும் செய்யலாம். துணி வணிகர்களின் டிரேப்பர்ஸ் கம்பெனியில் புத்தகக்காரர்கள் பலர் இருந்தார்கள். 1600இல் ஒரு கூட்டமே அங்கிருந்து ஸ்டேஷனர்ஸுக்கு மாறியது. சரி என்று அந்தப் பதிவுகளைத் திறந்தேன். இருந்தார்! பக்கத்திலேயே எஜமானர் பெயர். அவரும் புத்தகக்காரர்தான். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

ஒன்று மட்டும் இடித்தது. ஏழு வருடமாவது பழகினால்தான் உரிமை. இவருக்கு ஆறேகால்தான் வந்தது. பிறகுதான் புரிந்தது: அக்கால இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. அவர் உரிமை பெற்றதாக ஏட்டில் உள்ள 1590 பிப்ரவரி நம் கணக்கில் 1591. ஏழேகால் ஆகிவிட்டது.

இப்போது அவர் மனைவியைத் தேடுகிறேன். கணவர் இறந்தபின் கடையை நடத்திய விதவைகள் அன்று பலர்.