ரோகுக்கு ஊசி போடறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க

ரெட்ஹில்ஸ் பக்கம் குளம் வச்சிருக்கற நம்மாளுங்க கேக்கறது இதான், ரோகுக்கு வயிறு உப்பிக் கெடக்கு, ஏன் முட்டை விட மாட்டேங்குது? விடாதுங்க, அது ஆத்து மீன், மழைல புது வெள்ளம் புரண்டு வரும்போதுதான் விடும், நம்ம குளத்துல தண்ணி நின்ன எடத்துலயே நிக்குது. சினை கட்டறதுக்கு வெயிலும் தீனியும் போதும், பிப்ரவரிலேர்ந்தே தவிடும் கடலைப் புண்ணாக்கும் ஒழுங்கா போடுங்க. கடைசி கட்டத்துலதான் சிக்கல், மூளைல டோபமைன்ங்கற ரசாயனம் பிரேக்க மிதிச்சுக்கிட்டு நிக்கும், மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பி முட்டை விட வைக்கற ஹார்மோன வெளிய விடாது.

1957 ஜூலை 10ல ஒடிசால மீன் விஞ்ஞானிங்க ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் வேற மீனோட பிட்யூட்டரிய எடுத்து ஊசி போட்டுத்தான் முட்டை விட வச்சாங்க. இப்ப அதுக்குப் பதிலா ஓவாப்ரிம்னு ரெடிமேட் ஊசி மருந்து இருக்கு, பிட்யூட்டரிய தட்டி எழுப்பற மருந்தும் அதுல இருக்கு, பிரேக்க எடுக்கற டோம்பெரிடோனும் இருக்கு.

ஆனா சினை முத்தலன்னா ஊசி வேஸ்ட். நான் ஒரு வருஷம் அக்னி நட்சத்திரத்துலயே அவசரப்பட்டு போட்டேன், தண்ணி வெந்நீர் மாதிரி இருந்துச்சு, விடியற வரைக்கும் டார்ச்சோட உக்காந்ததுதான் மிச்சம், ஒரு முட்டை இல்ல, தாய் மீன் ரெண்டு செத்துப்போச்சு. அதனால ஜூன், ஜூலைல சாயங்காலம் இடி மழை ரெண்டு மூணு பேஞ்சு தண்ணி 27லேர்ந்து 30 டிகிரிக்குள்ள வரட்டும்.

பெண் மீன் வயிறு பஞ்சு மாதிரி அமுங்கணும், கழிவுத் துவாரம் லேசா செவந்து துருத்தியிருக்கும். ஆணுக்கு பக்கத் துடுப்ப தடவினா சொரசொரன்னு இருக்கும், வயித்த மெதுவா நீவினா பால் மாதிரி வரும். பால் வரலன்னா விட்டுடுங்க.

சாயங்காலம் 6 மணிக்கு ஈரத்துணில சுத்திப் புடிச்சு முதுகுத் துடுப்புக்குக் கீழ சதைல, செதிளுக்கு அடியில ஊசிய சாய்ச்சு விடுங்க. பெண்ணுக்கு கிலோவுக்கு 0.3லேர்ந்து 0.4 மில்லி, ஆணுக்கு 0.1லேர்ந்து 0.2. ஒரு பெண்ணுக்கு ரெண்டு ஆண் கணக்குல ஹாப்பாவுல (தண்ணிக்குள்ள கட்டற வலைத் தொட்டி) விட்டு மேலேர்ந்து ஷவர் மாதிரி தண்ணி தெளிச்சா மழைன்னு நெனச்சுக்கும், ஆக்சிஜனும் கெடைக்கும். விடிகாலைல தண்ணி சலசலன்னு அடிக்கும், கிட்ட போய் தொந்தரவு பண்ணாதீங்க.

வெளுத்த முட்டை செத்தது, கண்ணாடி மாதிரி இருக்கறத பொரிப்புத் தொட்டிக்கு மாத்துங்க, 28 டிகிரில 15லேர்ந்து 18 மணி நேரத்துல பொரிஞ்சுடும். மூணு நாளைக்கு தீனி போடாதீங்க, வயித்துல மஞ்சக்கரு இருக்கும்.