தளம் கைமாறினாலும் உங்கள் ஆட்-ஆன் பிழைத்திருக்க

முதன்முதலாக ஓர் ஆட்-ஆன் (விளையாட்டோடு சேர்ந்து ஓடும் கூடுதல் நிரல்) எழுதி முடித்தவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "இதை எந்தத் தளத்தில் போடுவது?" வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் அஞ்சல் பெட்டியை ஒழுங்குபடுத்தும் சின்ன ஆட்-ஆன் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். என் பதில் மாறியதே இல்லை. எல்லாத் தளங்களிலும் போடுங்கள், எதிலும் குடியேறிவிடாதீர்கள்.

ஆட்-ஆன் பதிவிறக்கத் தளமான கர்ஸ்ஃபோர்ஜை நடத்திவந்த கர்ஸ் நிறுவனத்தை 2016இல் நேரலைத் தளமான ட்விட்ச் வாங்கியது. 2020இல் கர்ஸ்ஃபோர்ஜ் ஓவர்வுல்ஃப் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. விளையாட்டை மாற்றியமைக்கும் 'மாட்'களுக்கான நெக்சஸ் மாட்ஸ் தளத்தை 2001இல் தொடங்கி வளர்த்த ராபின் ஸ்காட், 2025இல் அதை வேறு கைகளுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். இவற்றில் எதற்கும் ஆட்-ஆன் எழுதியவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இதன் அடியில் இருப்பது எளிய கணக்கு. ஆட்-ஆன்கள் இலவசமாகத்தான் இருக்க வேண்டும், நிரல் எவரும் படிக்கும்படி திறந்திருக்க வேண்டும், விளையாட்டுக்குள் நன்கொடை கேட்கக் கூடாது என்று வார்கிராஃப்டை உருவாக்கிய பிளிசார்ட் 2009இல் விதி போட்டது. கோப்பு இலவசம்; அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சர்வர் இலவசமில்லை. அந்தச் செலவை விளம்பரமோ, சந்தாவோ, முதலீட்டாளரோ ஏற்க வேண்டும். விளம்பர வருமானம் ஏறி இறங்கும்போதெல்லாம் தளங்கள் விற்கப்படும், விதிகள் மாறும். இனி வரும் ஆண்டுகளில் இது குறையும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஆகவே அதற்குத் தகுந்தபடி ஏற்பாடு செய்துகொள்வோம்.

முதல் வேலை, மூல நிரலைத் தளங்களிலிருந்து பிரிப்பது. கிட் களஞ்சியம் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் சேமிப்பிடம்) ஒன்றில் நிரலை வையுங்கள். அதன் முழுப் பிரதி உங்கள் கணினியிலும் இருக்கட்டும். பிழை அறிக்கைகளையும் அங்கேயே வாங்குங்கள். தளத்தின் கருத்துப் பெட்டியில் வரும் புகார்கள் அந்தத் தளத்தோடு போய்விடும். பெரும்பாலும் அவற்றில்தான் எந்தப் பதிப்பில், எந்த ஆட்-ஆனோடு மோதி, எது உடைந்தது என்ற உருப்படியான தகவல் இருக்கும்.

அடுத்தது உரிமம். இதைப் பலர் அலட்சியமாகக் கடந்துவிடுகிறார்கள். "அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை" என்ற வரியை விட்டுவைத்தால், நீங்கள் விளையாட்டை விட்டுப் போன பிறகு உங்கள் ஆட்-ஆனைச் சட்டப்படி யாரும் புதுப்பிக்க முடியாது. விளையாட்டின் அடுத்த பெரிய புதுப்பிப்பில் அது உடையும், உடைந்தபடியே கிடக்கும். எம்ஐடி அல்லது ஜிபிஎல் என்ற திறந்த உரிமம் போதும். உங்கள் பெயர் தவறாகப் பயன்படும் என்ற கவலை இருந்தால், நிரலுக்கு உரிமம் கொடுத்து, பெயரையும் லோகோவையும் மட்டும் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.

இனிப் பதிவேற்றம். ஒவ்வொரு தளத்திலும் கையால் ஜிப் கோப்பை ஏற்றுபவர் சீக்கிரம் சலித்துப்போய் ஒரே தளத்தோடு நின்றுவிடுவார். தளங்கள் நம்மைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் இந்தச் சலிப்பால்தான். பிக்விக்ஸ் குழுவின் பேக்கேஜர் என்ற தானியங்கிக் கருவி இதற்கு நல்ல மருந்து. கிட் களஞ்சியங்களை வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஒரு புதிய டேக் (பதிப்பைக் குறிக்கும் அடையாளம்) போட்டவுடன் அது ஓடி, கோப்புகளைக் கட்டி, கர்ஸ்ஃபோர்ஜ், வாவ்இண்டர்ஃபேஸ், வாகோ, கிட்ஹப் வெளியீட்டுப் பக்கம் நான்குக்கும் அனுப்பிவிடும். எங்கே அனுப்புவது என்பதை ஆட்-ஆனின் விவரங்கள் அடங்கிய டிஓசி கோப்பிலிருந்து படித்துக்கொள்ளும். அந்தக் கோப்பின் தலைப்பகுதியில், இடைமுக எண்ணுக்குக் கீழே, எக்ஸ்-கர்ஸ்-ப்ராஜெக்ட்-ஐடி, எக்ஸ்-வாவ்ஐ-ஐடி, எக்ஸ்-வாகோ-ஐடி என்று, தளங்கள் உங்கள் திட்டத்துக்குத் தரும் அடையாளத்தோடு மூன்று வரிகள் சேர்த்தால் போதும். (இடைமுக எண் 110200 என்றால் விளையாட்டின் 11.2.0 பதிப்பு. அதைப் புதுப்பிக்க மறந்தால், நன்றாக ஓடும் ஆட்-ஆனையும் விளையாட்டு காலாவதிப் பட்டியலில் தள்ளிவிடும்.) ஒவ்வொரு தளமும் தரும் ரகசியச் சாவியைக் கிட்ஹப்பின் ரகசியங்கள் பகுதியில் மட்டுமே வையுங்கள். நிரலுக்குள் எழுதி ஏற்றினால் உலகத்துக்கே கொடுத்தது போல.

இந்தக் கட்டத்தில் இரண்டு கண்ணிகள் உண்டு. வழிகாட்டிகளில் இவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒன்று, நூலகங்கள். பல ஆட்-ஆன்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்களான ஏஸ்3, லிப்ஸ்டப் போன்றவற்றை ஆட்-ஆனோடு சேர்த்துக் கட்ட, பேக்கேஜரின் அமைப்புக் கோப்பில் அவை இருக்கும் முகவரியைக் கொடுப்போம். அந்த முகவரி பெரும்பாலும் ஒரு தளத்தின் களஞ்சியத்தைத்தான் காட்டும். அந்தத் தளம் படுத்த அன்று உங்கள் வெளியீடும் படுத்துவிடும், உங்கள் நிரலில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும். நூலகங்களின் பிரதியை உங்கள் களஞ்சியத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அவை அடிக்கடி மாறுவதில்லை. அவ்வப்போது புதுப்பித்தால் போதும்.

மற்றொன்று, மொழிபெயர்ப்புகள். கர்ஸ்ஃபோர்ஜில் மொழிபெயர்ப்புக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. முகம் தெரியாத நல்லவர்கள் வந்து ஜெர்மனிலும் கொரிய மொழியிலும் வரிகளை நிரப்பிவிட்டுப் போவார்கள். கட்டும் நேரத்தில் பேக்கேஜர் அவற்றை எடுத்து நிரலில் செருகும். வசதிதான், நானும் மெச்சுகிறேன். ஆனால் அந்த வரிகள் உங்கள் களஞ்சியத்தில் இல்லை, தளத்தின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும், கட்டி முடித்த ஜிப்பைத் திறந்து மொழிக் கோப்புகளை எடுத்துக் களஞ்சியத்தில் சேமியுங்கள். நிரலை ஒருவர் மறுபடி எழுதிவிடலாம். பத்து மொழிகளில் பத்து பேர் கொடுத்த உழைப்பை மறுபடி கேட்டு வாங்க முடியாது.

தளங்களைப் பற்றி ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டால், அழகையும் பதிவிறக்க எண்ணிக்கையையும் விட்டுவிட்டு, வெளியேறும் வழியைப் பார்க்கச் சொல்வேன். உங்கள் கோப்பை நீங்களே நீக்க முடியுமா? நெக்சஸ் மாட்ஸ் 2021இல் இதை மாற்றியது. நீக்கிய கோப்புகள் அழியாமல் காப்பகத்தில் இருக்கும் என்று அறிவித்து, விருப்பமில்லாதவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகக் குறுகிய அவகாசம் கொடுத்தது. பல மாட்களை ஒரே தொகுப்பாகத் தரும் வசதிக்கு அது தேவை என்பது அவர்கள் தரப்பு. விளையாடுபவராக எனக்கு அது நியாயமாகப் படுகிறது, எழுதுபவராக உறுத்துகிறது. இரண்டும் உண்மை.

வெளியார் செயலிகள் உங்கள் கோப்பை எடுக்க முடியுமா என்பதும் முக்கியம். கர்ஸ்ஃபோர்ஜ் 2022இல் தன் ஏபிஐ (பிற செயலிகள் தளத்தோடு பேசும் வழி) விதிகளை மாற்றியபோது, ஆட்-ஆன் எழுதியவர் அனுமதித்தால்தான் பிற செயலிகள் அதை எடுக்கலாம் என்றாயிற்று. ஆட்-ஆன்களை நிறுவிப் புதுப்பிக்கும் வாவ்அப் செயலி கர்ஸ்ஃபோர்ஜுக்காக ஓவர்வுல்ஃபின் மேல் ஓடும் தனிப் பதிப்பையே வெளியிட வேண்டியதாயிற்று. அந்த அனுமதிப் பெட்டி உங்கள் திட்டப் பக்கத்தின் அமைப்புகளுக்குள் இருக்கிறது. தளம் தரும் விளம்பர வருமானப் பங்கு உங்களுக்குப் பெரிதென்றால் மூடி வையுங்கள், அது உங்கள் உரிமை. எனக்குப் பரவல்தான் பெரிது. நான் திறந்து வைத்திருக்கிறேன்.

பாதுகாப்பில் விளையாட்டுக்கு விளையாட்டு வித்தியாசம் மிகப் பெரியது. வார்கிராஃப்ட் ஆட்-ஆன் லூவா என்ற நிரல்மொழியில், விளையாட்டு போட்ட வேலிக்குள் ஓடுகிறது. அதனால் கணினியின் கோப்புகளையோ இணையத்தையோ தொட முடியாது. மைன்கிராஃப்ட் மாட் ஜாவாவில் ஓடுகிறது, அதற்கு அப்படி ஒரு வேலி கிடையாது. 2023 ஜூனில் ஃபிராக்சுரைசர் என்ற தீநிரல், பறிக்கப்பட்ட கணக்குகள் வழியாகக் கர்ஸ்ஃபோர்ஜிலும் பக்கிட் தளத்திலும் மாட்களுக்குள் புகுந்தது. உலாவியில் சேமித்த உள்நுழைவு விவரங்களைத் திருடியது, கணினியில் இருந்த மற்ற ஜார் (ஜாவா நிரல்) கோப்புகளுக்கும் தொற்றியது. மைன்கிராஃப்டுக்கு எழுதுகிறீர்கள் என்றால் இரட்டைச் சரிபார்ப்பு இல்லாத கணக்கை வைத்திருக்காதீர்கள். வார்கிராஃப்டுக்கு எழுதினாலும் அப்படித்தான். ஆனால் அங்கே கணக்குப் பறிபோனால் சேதம் பெரும்பாலும் மானத்தோடு நிற்கும்.

எதிர்காலம் எந்தப் பக்கம் போகிறது? மாட் ஐஓ போன்ற சேவைகள் விளையாட்டின் உள்ளேயே மாட் பட்டியலைக் காட்டுகின்றன. இணையப் பக்கத்தையே பார்க்காமல், கன்சோலில் இருந்தபடியே நிறுவிக்கொள்ளலாம். எதை அனுமதிப்பது என்ற முடிவு அங்கே விளையாட்டு நிறுவனத்தின் பக்கம் சாய்கிறது. மறுபக்கம், மைன்கிராஃப்ட் மாட்களுக்கான மாட்ரிந்த் தன் தளத்தின் நிரலையே திறந்து வைத்திருக்கிறது. 2022இல் முதலீடு வாங்கி, 2024இல் எஞ்சிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் காலில் நிற்பதாக அறிவித்தது. இந்த இரண்டாவது வகைதான் என் விருப்பம். ஆனாலும் முதல் வகைதான் பெருகும் என்று நினைக்கிறேன். பெரும்பாலான விளையாட்டாளர்களுக்கு ஒரே பொத்தானில் வேலை முடிந்தால் போதும்.

விளையாட மட்டும் செய்பவர்களுக்கு ஒரு பத்தி. உங்கள் ஆட்-ஆன்கள் இண்டர்ஃபேஸ் கோப்புறையின் ஆட்-ஆன்ஸ் பகுதியிலும், அமைப்புகள் டபிள்யூடிஎஃப் கோப்புறையின் சேவ்டு-வேரியபிள்ஸ் பகுதியிலும் இருக்கின்றன. இரண்டையும் நகலெடுத்து வைத்தால் எந்தத் தளம் மூடினாலும் உங்கள் திரை மாறாது. விளையாட்டை மூடிய பிறகே நகலெடுங்கள். வெளியேறும்போதும் இடைமுகத்தை மறுபடி ஏற்றும்போதும் மட்டுமே அந்த அமைப்புகள் வட்டில் எழுதப்படுகின்றன.

எழுதுபவர்களுக்கும் இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. அமைப்புக் கோப்பு ஆட்-ஆனின் கோப்புறைப் பெயரிலேயே சேமிக்கப்படுகிறது. கைவிடப்பட்ட ஆட்-ஆனை வேறொருவர் புதிய பெயரில் எடுத்து நடத்தினால், பயன்படுத்தியவர்களின் அமைப்புகள் எல்லாம் பழைய பெயரோடு நின்றுவிடும். அதனால் விலக நினைக்கும்போது, திட்டப் பக்கத்தின் உரிமையையும் அதே பெயரையும் அடுத்தவரிடம் முறையாக ஒப்படைத்துவிட்டுப் போங்கள். நம்பிக்கையான இரண்டாவது ஆளை எல்லாத் தளங்களிலும் இப்போதே உறுப்பினராகச் சேர்த்து வையுங்கள். கிட்ஹப் களஞ்சியத்திலும் அவருக்கு முழு அனுமதி கொடுத்து, ஒரு சோதனைப் பதிப்பை அவரையே டேக் போட்டு வெளியிடச் சொல்லுங்கள். எந்தச் சாவி காலாவதியாகிவிட்டது என்பது அப்போதே தெரிந்துவிடும்.