ஞானப்பல் எடுத்த அன்றைக்குத் துப்பாதீர்கள்

பல் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் நேராக வாஷ்பேசினுக்குத்தான் போகிறோம். வாயெல்லாம் ரத்த ருசி, எச்சில் சிவப்பாக வருகிறது, யாருக்கும் பதற்றமாகத்தான் இருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை துப்பி, இன்னும் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். துப்பத் துப்ப ரத்தம் நிற்காது. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டியாக உட்கார வேண்டும். அடியில் இருக்கும் எலும்புக்கும் நரம்பு முனைகளுக்கும் அதுதான் மூடி. வேகமாகத் துப்பினால் அந்த இழுப்பில் கட்டி பெயர்ந்துவிடும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினாலும் இதே கதைதான், அதனால் இளநீரைக்கூட டம்ளரில் ஊற்றித்தான் குடிக்க வேண்டும். சிகரெட் இன்னும் மோசம், உறிஞ்சும் இழுப்பு ஒரு பக்கம், நிகோட்டின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பது இன்னொரு பக்கம்.

எச்சிலோடு கலந்தால் இரண்டு சொட்டு ரத்தம்கூட வாய் நிறைய ரத்தம் மாதிரி தெரியும். முதல் நாள் முழுக்க எச்சில் லேசாகச் சிவந்திருப்பது சகஜம், விழுங்கிவிடுங்கள். டாக்டர் வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை அழுத்திக் கடித்தபடி பேசாமல் இருங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். அப்புறமும் ரத்தம் கொட்டினால் புதிய பஞ்சு வைத்து இன்னொரு அரை மணி கடியுங்கள், அப்படியும் நிற்கவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என் கீழ்த்தாடை ஞானப்பல் படுத்தவாக்கில் பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது, ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, பல்லை இரண்டு துண்டாக்கித்தான் எடுத்தார்கள். அன்று ராத்திரியே வாய் சுத்தமாக இருக்கட்டும் என்று உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கடகடவென்று கொப்பளித்தேன். மூன்று நாள் வலி குறைந்துகொண்டே வந்தது. நான்காம் நாள் காலையில் காதுக்குள் ஆணி இறக்குவது போல ஒரு வலி, மாத்திரை போட்டும் அடங்கவில்லை, வாயில் ஒரு கெட்ட நாற்றம். கண்ணாடியில் பார்த்தால் குழிக்குள் கட்டியைக் காணோம், சாம்பல் நிறத்தில் எலும்பு தெரிந்தது. இதைத்தான் ட்ரை சாக்கெட் என்கிறார்கள். டாக்டர் குழியைக் கழுவி, கிராம்பெண்ணெய் வாசம் அடிக்கிற மருந்துத் துணியை உள்ளே வைத்த சில நிமிஷத்தில் வலி இறங்கியது, ஆனால் அதை மாற்ற இன்னும் மூன்று தடவை போக வேண்டியிருந்தது.

முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது. மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, வாயில் வைத்துத் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து தானாக விழ விடுங்கள். ஆயில் புல்லிங் செய்கிறவர்கள் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். சில நாளில் குழியின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு படலம் தெரியும். சீழ் என்று நினைத்துப் பல்குச்சியால் நோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து தொடாதீர்கள், அது ஆறுகிற புண்ணின் மேல் தோல்தான்.

வலி மாத்திரையை மரத்துப்போனது தெளிந்து வலி பிடித்த பிறகு போடுவது இன்னொரு தவறு. மரமரப்பு இருக்கும்போதே, டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் போட்டுவிடுங்கள். தலைவலிக்கு வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினைப் போட வேண்டாம், ரத்தம் நிற்பதைத் தாமதப்படுத்தும். உதடு மரத்திருக்கும்போது சூடான காபி குடித்தால் சுட்டதும் தெரியாது, உதட்டைக் கடித்ததும் தெரியாது.

வீக்கம் முதல் நாளைவிட இரண்டாம் மூன்றாம் நாளில்தான் அதிகமாக இருக்கும். இது தெரியாமல் பயந்து, வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று முதல் நாளே சூட்டு ஒத்தடம் கொடுப்பார்கள். முதல் நாள் ஐஸ்தான், துணியில் சுற்றிக் கன்னத்தில் 15, 20 நிமிஷம் வைத்து எடுத்து வைத்து எடுத்து. சூடு இரண்டு நாள் கழித்து. வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கும், அதுவும் ஒரு வாரம் பத்து நாளில் சரியாகும்.

சாப்பாட்டில் எல்லாரும் கோட்டை விடுவது தாளிப்பில். தயிர்சாதம் நல்லதுதான், ஆனால் அதில் இருக்கும் கடுகு நேராகக் குழிக்குள் போய் உட்காரும், எள்ளும் கொய்யா விதையும் அப்படியே. தாளிக்காமல் குழையப் பிசைந்து சாப்பிடுங்கள். ஆறவைத்த கேழ்வரகுக் கஞ்சி, பாலில் ஊறின இட்லி, பருப்பு சாதம் எல்லாம் போதும். மிளகு ரசம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வெற்றிலை பாக்கு, புகையிலை கிட்டேயே வரக் கூடாது.

பல் எடுப்பதற்கு முன்னால் நடக்கும் தவறுகளும் உண்டு. ஈறு மூடியிருக்கும் பல்லைச் சுற்றி உணவு தங்கி வீங்கும்போதெல்லாம் மருந்துக்கடையில் இரண்டு நாள் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டு, வலி போனதும் விட்டுவிடுகிறோம். மாதக்கணக்கில் இப்படியே ஓடும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயமும் நம் ஊரில் இன்னும் போகவில்லை. பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. அதற்காக வலியே இல்லாத ஞானப்பல்லையும் எடுத்துவிட வேண்டும் என்று இல்லை. பிரிட்டனில் 2000-இலேயே நோயில்லாத ஞானப்பல்லை முன்கூட்டி எடுக்க வேண்டாம் என்று அரசு வழிகாட்டுதல் வந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஏன் எடுக்கச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள், கீழ்த்தாடை நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்குப் போட்ட ஊசி, கருத்தடை மாத்திரை எல்லாமே முக்கியம். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் அந்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்துவது பல்வலியைவிட ஆபத்து. அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து எடுப்பதென்றால் வெறும் வயிற்றோடு போக வேண்டாம், முழு மயக்கம் என்றால் மட்டும் அவர்கள் சொல்கிற நேரத்துக்குப் பட்டினி.

மூன்று நாளுக்குப் பிறகு வீக்கம் குறையாமல் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மறுநாளும் உதடு மரத்தே இருந்தாலோ உடனே போய்க் காட்டுங்கள். தாடைக்கு அடியில் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால் காலை வரை காத்திருக்காமல் ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஈறு மூட மூன்று நான்கு வாரம் ஆகும், உள்ளே எலும்பு நிரம்ப மாதங்கள். அதுவரை சாப்பிட்டதும் ஒரு பருக்கை குழியில் மாட்டும், உப்புத் தண்ணீர் வைத்துச் சாய்த்தால் வந்துவிடும்.