ஏறும்போது மட்டும் ஒரு டிகிரி குறைத்துக் காட்டிய தெர்மாமீட்டர்

மூன்று நாள் தின்ற பிரச்சினை இது. தண்ணீர் சூடாகி 30 டிகிரியில் நின்றால் என் போர்டு 29.06 காட்டும், அதே தண்ணீர் ஆறி 30-க்கு இறங்கினால் சரியாக 30.

சென்சாரை மாற்றினேன், வயரைச் சுருக்கினேன், பவர் சப்ளையைக்கூட மாற்றிப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. அப்புறம்தான் வித்தியாசம் எப்போதும் 0.94 என்பது உறைத்தது. சென்சாரின் ஒரு படி (அது காட்டக்கூடிய மிகச் சிறிய மாற்றம்) 0.0625 டிகிரி, அதாவது சரியாக 15 படி.

கோடில் சராசரி எடுக்கும் வரி இது (அளவுகள் எல்லாம் படிக் கணக்கில், முழு எண்கள்):

சராசரி += (புதியது - சராசரி) >> 4

16-ஆல் வகுப்பதற்குப் பதில் ஷிஃப்ட் (பிட்டுகளை நான்கு இடம் வலப்பக்கம் தள்ளி, மீதியைக் கீழ்நோக்கி வெட்டுவது), வேகமாம். வித்தியாசம் +15 என்றால் ஷிஃப்ட் செய்ததும் 0, அதனால் மேலே ஏறாமல் அப்படியே நின்றுவிடும். ஆனால் -1-ஐ ஷிஃப்ட் செய்தால் -1 தான் வரும் (நான் பயன்படுத்தும் ஜிசிசி கம்பைலரில் இப்படித்தான்), ஆகவே இறங்கும்போது கடைசிப் படிவரை போய்விடும்.

சரி, /16 என்று மாற்றினேன். வகுத்தல் பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டுவதால் இப்போது இறங்கும்போதும் 15 படி முன்பே நின்றது, போதாக்குறைக்கு!

கடைசியில் மீதியைத் தூக்கிப் போடாமல் 16 மடங்காகவே வைத்துக்கொண்டேன்:

கூட்டு += புதியது - (கூட்டு >> 4)

காட்டும்போது மட்டும் கூட்டு >> 4. ஷிஃப்ட் அப்படியே இருக்கிறது, இரண்டு பக்கமும் 30.00. கூட்டு 32 பிட், தொடக்க மதிப்பு முதல் அளவு × 16. இல்லாவிட்டால் ஆன் செய்ததும் பூஜ்ஜியத்திலிருந்து மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும்.