புதைபடிவப் பூச்சியின் உறவுமுறையை அறியும் வழி

கல்லில் பதிந்த பூச்சியையோ, அம்பர் எனப்படும் இறுகிய மரப்பிசினுக்குள் அடைபட்ட பூச்சியையோ பார்த்ததும், இது இன்றுள்ள எதனுடைய மூதாதை என்று கேட்கத் தோன்றும். அதற்கு முன்பே கேட்க வேண்டியது, உடலின் எந்தப் பகுதிகள் எஞ்சியிருக்கின்றன என்பதாகும். அம்பரில் நுண்மயிர்கள்கூடத் தெளிவாகத் தெரியலாம். படிவுப் பாறைகளில் பல நேரங்களில் சிறகு ஒன்றுதான் கிடைக்கும்.

சிறகு மட்டும் கிடைத்தாலும் அது சிறந்த சான்றே. விளக்கை மிகவும் சாய்வாக வைத்து, கல்லை மெல்லத் திருப்பிக்கொண்டே பார்த்தால், சில நரம்புகள் மேடாகவும் சில பள்ளமாகவும் தெரியும். அந்த மேடுபள்ளம் எது எந்த நரம்பு என்று அடையாளம் காண உதவும். பாறை இரண்டாகப் பிளந்திருந்தால், ஒரு பாதியில் மேடாக உள்ளது மறு பாதியில் பள்ளமாக இருக்கும் என்பதால், கையில் இருப்பது எந்தப் பாதி என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு நரம்பும் கிளைக்கும் இடத்தையும் சேரும் இடத்தையும் வரைந்து, முன்விளிம்பிலிருந்து காஸ்டா, சப்காஸ்டா, ரேடியஸ், மீடியா, கியூபிட்டஸ் எனப் பெயர் குறிக்கலாம்.

அடுத்தது பண்புகளைத் தரம் பிரிப்பது. பலரும் தடுமாறுவது இங்கேதான். ஈக்களை ஆராய்ந்த ஜெர்மானியரான வில்லி ஹென்னிக் வகுத்த நெறிப்படி, தொன்மையான பண்பு இரண்டு பூச்சிகளில் இருப்பது நெருங்கிய உறவைக் காட்டாது. புதிதாகத் தோன்றி இரண்டிலும் உள்ள பண்பே காட்டும். 30 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கார்பானிஃபெரஸ் காலப் பாறைகளில் கிடைக்கும் கரப்பான் போன்ற பூச்சிகளைப் பாருங்கள். தோற்றம் கரப்பானே என்றாலும், பெண் பூச்சிகளுக்கு உடலுக்கு வெளியே நீண்ட முட்டையிடும் உறுப்பு இருந்தது. இன்றைய கரப்பான், கும்பிடுபூச்சி, கறையான் மூன்றிலும் அவ்வுறுப்பு சுருங்கிவிட்டது. ஆகவே அந்தப் பழைய பூச்சிகளைக் கரப்பான்களாகக் கொள்ளாமல், உறவு மரத்தில் மூன்றும் பிரிவதற்கு முந்தைய அடித்தண்டில் வைப்பதே பொருந்தும்.

பழையதும் புதியதும் ஓருடலில் கலந்திருப்பதைக் காண ஸ்ஃபெகோமிர்மா என்ற தொல் எறும்பைப் போல வேறொன்று இல்லை என்பேன். நியூ ஜெர்சி அம்பரில் கிடைத்து 1967இல் விவரிக்கப்பட்ட, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, சிறகற்ற இந்த வேலைக்காரிக்கு, இரண்டே பற்கள் கொண்ட குட்டையான தாடைகள் குளவியைப் போல இருந்தன. உணர்கொம்பின் முதல் கணுவும் இன்றைய எறும்புகளுக்கு உள்ளதுபோல் நீளவில்லை. ஆயினும், மார்பின் பின்பகுதியில் எறும்புகளுக்கே உரிய மெட்டாப்ளூரல் சுரப்பியின் வாய் இருந்ததால், எறும்புக் குடும்பத்தில் அதற்கு இடம் கிடைத்தது. எறும்புகள் குளவிகளிலிருந்து கிளைத்தவை என்ற கருத்துக்கும் அது வலுச் சேர்த்தது.

ஒத்த தோற்றம் ஏமாற்றவும் செய்யும். ஜுராசிக் காலத்துக் காலிகிராமாட்டிட் பூச்சிகளுக்கு அகன்ற சிறகும், அதில் கண் போன்ற புள்ளிகளும், உறிஞ்சும் வாயும் இருந்ததால் வண்ணத்துப்பூச்சி என்றே எண்ணத் தோன்றும். ஆனால் நெருக்கமான குறுக்கு நரம்புகள் நிறைந்த சிறகமைப்பு, அவை குழிநரிப் பூச்சிகள் அடங்கிய நியூராப்டெரா வரிசையைச் சேர்ந்தவை என்று காட்டிவிடுகிறது.

இடம் முடிவான பிறகே வயதைப் பயன்படுத்த வேண்டும். ஒரு புதைபடிவம் தன் கிளை குறைந்தது எவ்வளவு பழையது என்று மட்டுமே சொல்லும். எப்போது தோன்றியது என்று சொல்லாது. 2014இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு, பூச்சிகளின் தோற்றத்தைச் சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முன் வைத்தது. மிகப் பழைய பூச்சியாகப் பேசப்பட்ட, ஸ்காட்லாந்தின் ரைனி கல்லில் கிடைத்த ரைனியோக்னாதாவின் வயது ஏறத்தாழ 41 கோடி ஆண்டுகள்; அதிலும் எஞ்சியது முக்கியமாகத் தாடைகளே என்பதால், அது பூரானின் உறவாகவும் இருக்கலாம் என்று 2017இல் மறுவிளக்கம் வந்தது. இத்தகைய மாதிரியைக் காலக்கணிப்புக்கு எடுக்கும்போது, அதை அந்தக் கிளையில் நிறுத்தும் பண்பு எது என்பதையும் உடன் எழுதிவைக்க வேண்டும்; அந்த விளக்கம் மாறினால் கணக்கையும் மீண்டும் போட வேண்டியிருக்கும்.